நார்பர்ட் படுத்திருக்கும் மைதானம்

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில், இறைச்சி தின்னாத வெள்ளிக்கிழமைகளில், எங்கள் கத்தோலிக்கக் கோவிலின் கீழ்த்தளக் கூடத்தில் மீன் பொரிப்போம். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நான் நிற்பேன். முட்டைக்கோஸ் சாலட் மேஜையில் லொரெட்டா ஹூபர் நிற்பாள். எங்கள் ஊரில் ஓட்டுக் கேட்க வருகிறவன் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டியதில்லை. அந்த வரிசையில் நின்று ஒரு தட்டு மீன் வாங்கித் தின்றால் பாதி ஊரைப் பார்த்துவிடலாம். அந்த வருடம் அப்படி வந்தவர்கள் அத்தனை பேரும் 'வேண்டும்' கட்சி. 'வேண்டாம்' கட்சிக்கு லொரெட்டாவின் கரண்டி ஒன்றுதான் இருந்தது.

எங்கள் பேஸ்பால் அணியான ஹெரன்ஸுக்குப் புது மைதானம் கட்ட வேண்டும் என்று பேச்சு. பழையது ஓஹையோ ஆற்றங்கரையில் அறுபது வருடமாக நிற்கிறது. கூரைத் தகரம் துருவேறி, மழை நாளில் கழிவறைக்குக் குடை பிடித்துப் போகும் நிலை. அணியின் முதலாளி பாதிப் பணம் போடுவாராம். மீதியை ஜனங்கள் தர வேண்டும். கடையில் ஒரு டாலருக்கு எது வாங்கினாலும் அரை சென்ட் கூடுதல் வரி. இதற்கு ஏப்ரலில் பொது ஓட்டு. ஜெயித்தால் கார்கள் நிறுத்தும் இடத்தில் புது மைதானம் எழும், பழையதை இடித்துத் தரைமட்டமாக்கி அங்கே கார் நிறுத்துவார்கள்.

முதல் வெள்ளிக்கிழமையே கோட்டுச் சட்டையில் 'வேண்டும்' என்று எழுதிய பேட்ஜ் குத்திய ஒருவர் தட்டை நீட்டினார்.

"சாலட் கொஞ்சம் தாராளமா வைங்கம்மா."

"தாராளம் எல்லாம் உங்க கட்சியிலதான் தம்பி. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு," என்றாள் லொரெட்டா. கரண்டியில் பாதியை மறுபடி பாத்திரத்திலேயே தட்டிவிட்டாள். "மேல பள்ளிக்கூடத்துல ரெண்டாம் வகுப்புக் கூரை ஒழுகுது. பிள்ளைங்க வாளி வெச்சுப் படிக்குது. அதுக்கு அரை சென்ட் கேட்டு யாரும் வரலை. அந்தக் கோடீஸ்வரனுக்குப் புது வீடு கட்ட நான் பால் வாங்கும்போதும் பிரெட் வாங்கும்போதும் காசு குடுக்கணுமா?"

"அணி ஊரை விட்டுப் போயிட்டா என்னம்மா பண்ணுவீங்க?"

"எங்க போவாங்க? நானும் கல்யாணம் ஆன நாள்லேருந்து கேக்குறேன். போறேன் போறேன்னு சொல்றவன் போனதே இல்ல. அடுத்த ஆள் வாங்க!"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. அந்த ஆளும் சிரித்துக்கொண்டுதான் நகர்ந்தார். ஆனால் அவருக்குப் பின்னால் நின்றவர்கள் அதைக் கேட்டார்கள், வீட்டில் போய்ச் சொன்னார்கள். லொரெட்டாவின் பேச்சு மீன் வாசனை மாதிரி, சட்டையில் ஏறினால் லேசில் போகாது.

அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. நானும் வேண்டாம் என்றுதான் போட்டேன், அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. ஆனால் அவளுடைய காரணம் பள்ளிக்கூடக் கூரை அல்ல. அது அவளுக்கும் அவள் மகன் கர்ட்டுக்கும் பக்கத்து வீட்டுக்காரனான எனக்கும் மட்டும் தெரியும். அவள் புருஷன் நார்பர்ட் அந்த மைதானத்துக்குள் இருந்தான்.

நார்பர்ட் குடிநீர் வாரியத்தில் குழாய் பதிக்கிறவன். ஆட்டம் உள்ள நாளெல்லாம் உச்சிப் படியில், விலை மலிவான இருக்கையில், மடியில் வறுத்த கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருப்பான். ஹெரன்ஸ் தோற்றால் அன்றைக்கு வீட்டில் பேச்சு கிடையாது. ஹெரன்ஸ் பெரும்பாலும் தோற்கும். லொரெட்டா அமைதியான மனுஷியாக வாழ்ந்த காலம் அதுதான் என்று நான் கிண்டல் செய்வதுண்டு. சாவதற்கு முன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "என்னைக் கல்லறையில போட்டுறாதீங்க. நடுமைதானத்துல போடுங்க." பந்தடிப்பவனுக்கு நேர் எதிரே, தூரத்து மதிலை ஒட்டிய பகுதியைத்தான் பேஸ்பாலில் நடுமைதானம் என்போம்.

கோவில் அதற்குச் சம்மதிக்காது. எரித்தாலும் சாம்பலை அப்படியே புனித மண்ணில் புதைக்க வேண்டும், தூவக் கூடாது என்பது சட்டம். ஆகவே அம்மாவும் பிள்ளையும் ஒரு வேலை செய்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் கார்களின் பின்கதவைத் திறந்துவைத்து, அடுப்பு மூட்டி, சாஸேஜ் சுட்டுத் தின்பது எங்கள் ஊர் வழக்கம். அந்த அடுப்பின் கரிச்சாம்பலை நல்ல ஜாடியில் நிரப்பிக் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். ஃபாதர் தீர்த்தம் தெளித்து, மனமுருகி ஜெபம் சொல்லி, கரியைப் புதைத்தார். நார்பர்ட்டை ஒரு காபித்தூள் டப்பாவில் போட்டு கர்ட் எடுத்துக்கொண்டான். வருடத்தில் ஒரு ஞாயிறு, ஆட்டம் முடிந்த பிறகு குழந்தைகளைப் புல்லில் இறங்கி ஓட விடுவார்கள். அன்றைக்கு மகள்களோடு இறங்கி, கால்சட்டைப் பையில் ஓட்டை போட்டு, நடந்துகொண்டே நடுமைதானத்து மண்ணில் அப்பாவை விட்டுவிட்டதாக அவன் வந்து சொன்னான்.

அதிலிருந்து ஆறு வருடமாக லொரெட்டா அதே உச்சிப் படியில் உட்கார்ந்து, ஆட்டம் தொடங்குமுன் பீர் டம்ளரை நடுமைதானத்துப் பக்கம் தூக்கிக் காட்டுவாள். பக்கத்தில் இருக்கிறவர்கள் அணிக்கு வாழ்த்து என்று நினைப்பார்கள். அவள் உதடு அசைவது எனக்குத் தெரியும். வீட்டுக் கொதிகலன் கெட்டது, சின்னப் பேத்திக்குப் பல் விழுந்தது எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

கர்ட் கம்பி கட்டுகிறவன். காங்கிரீட் ஊற்றுமுன் இரும்புக் கம்பியை வரிசையாக அடுக்கி முடிச்சுப் போடும் வேலை. குனிந்தே செய்வது. நாற்பது வயதிலேயே அவனுக்கு முதுகு போய்விட்டது. எங்கள் ஊரில் வேலை இல்லாததால் டெக்ஸாஸ், அரிஸோனா என்று யூனியன் அனுப்பும் இடமெல்லாம் போவான். மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வருவான். புது மைதானம் வந்தால் மூன்று வருட வேலை, வீட்டிலிருந்து இருபது நிமிடம். அவன் மனைவி டினா தீர்மானமாகச் சொல்லிவிட்டாளாம். இந்த ஓட்டு தோற்றால் எங்கே வேலை நிலையாக இருக்கிறதோ அங்கே குடும்பத்தோடு போய்விடுவது, இனிமேல் போனில் புருஷன் வைத்துக்கொள்ள முடியாது.

மார்ச் கடைசியில், தூறலில், கர்ட் ஒரு சுத்தியலும் 'வேண்டும்' என்று எழுதிய பலகையுமாக வந்து அம்மா வீட்டுப் புல்வெளியில் அடித்தான். அவன் முடிப்பதற்குள் லொரெட்டா இரவு அங்கியோடு வெளியே வந்துவிட்டாள். நான் என் வாசலில் சாக்கடை இலைகளை வாரிக்கொண்டிருந்தேன்.

"புடுங்குடா அதை."

"அம்மா, யூனியன்காரன் அம்மா வீட்டுல பலகை இல்லைன்னா பசங்க சிரிக்கிறாங்க. மீன் கூடத்துல நீ பேசுறது வேற ஊரெல்லாம் நாறுது."

"நாறட்டும். யூனியனா எனக்குக் கஞ்சி ஊத்துது?"

"ஆமா, எனக்கு ஊத்துது. நான் உனக்கு ஊத்துறேன். போன மாசம் சின்னவ என்னைப் பாத்து, 'அப்பா, நீங்க எப்போ ஊருக்குப் போவீங்க?'ன்னு கேட்டா. இதுதான்டி என் ஊருன்னு சொல்லிட்டு வண்டி ஏறிட்டேன். எனக்கு இந்த வேலை வேணும்மா."

லொரெட்டாவின் முகம் இளகியது. அவள் கல்மனசுக்காரி இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குத் தெரியாதாடா கண்ணு? ஆனா அந்த மைதானத்தை இடிச்சா, அப்பா மேல புல்டோசர் ஏறும். அப்புறம் தார் ஊத்துவாங்க. எவனோ ஒருத்தன் கார் எண்ணெய் அவர் தலையில ஒழுகும். அதுக்கு நானே கைதூக்கணுமா? நீதான அவரை அங்க கொண்டுபோய் விட்ட. நீயே சொல்லு."

கர்ட் வாயைத் திறந்தான். தொப்பியைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். தூறல் அவன் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ஏதோ சொல்லத்தான் போகிறான் என்று நான் வாருகோலை நிறுத்தினேன். அவன் குனிந்து பலகையைப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"எப்படியும் ஜெயிச்சிரும்மா. உன் ஒரு ஓட்டுல என்ன ஆகப்போகுது," என்றான்.

"சாப்பிட்டுட்டுப் போடா. மக்ரோனி இருக்கு."

"டினா காத்துட்டிருப்பா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஒரு ஓட்டு இல்லை என்பதுதான் சங்கடம். லொரெட்டா தவக்காலம் முழுக்க மீன் கூடத்தில் நின்றாள். மற்ற பங்குக் கோவில்களின் மீன் கூடங்களிலும் அவளுக்குத் தோழிகள் இருந்தார்கள். பெரிய வெள்ளிக்கிழமைக்குள் பள்ளிக்கூடக் கூரை மாவட்டம் முழுவதும் ஒழுகத் தொடங்கிவிட்டது. ஓட்டு நாளில் அவள் தன் பழைய காரில் நடக்க முடியாத கிழவிகளை ஏற்றிக்கொண்டு மூன்று நடை அடித்தாள். ராத்திரி டி.வி.யில் 'வேண்டாம்' மயிரிழையில் ஜெயித்ததாகச் சொன்னபோது, அவள் என் வீட்டுக் கதவைத் தட்டிக் கையில் ஒரு பீரைத் திணித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அவரைக் காப்பாத்திட்டேன், வெர்ன்," என்றாள்.

ஜூலையில் செய்தி வந்தது. ஹெரன்ஸுக்கு மைதானத்து ஒப்பந்தம் அந்த வருடத்தோடு முடிகிறது. டென்னஸியில் ஒரு ஊர், ஓட்டும் கேட்காமல் கீட்டும் கேட்காமல், முழுச் செலவையும் தானே ஏற்று மைதானம் கட்டித் தருகிறதாம். அணி போகிறது. கட்டி முடிக்கும்வரை அங்கே ஒரு கல்லூரி மைதானத்தில் ஆடிக்கொள்வார்கள். பழைய மைதானத்தை மாவட்ட நிர்வாகம் பூட்டி வேலி போடும், காசு கிடைக்கும்போது இடிக்கும்.

போறேன் போறேன் என்று சொன்னவன் போயேவிட்டான். வேண்டாம் என்று போட்ட ஜனங்கள் மறுநாளே அந்த ஓட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்று தெரியாததுபோல் நடந்துகொண்டார்கள். மளிகைக் கடையில் ஒருத்தி லொரெட்டாவின் காதில் விழும்படி, "சிலருக்கு வாய் நீளம், ஊர்தான் அனுபவிக்குது," என்றாள். லொரெட்டா தன் பாலுக்கும் பிரெட்டுக்கும் காசு கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். பதிலடி கொடுக்காமல் போகும் லொரெட்டாவை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடக் கூரை அப்போதும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

ஆகஸ்டில் கர்ட் வந்து சொன்னான். டென்னஸி மைதானத்துக்குக் கம்பி கட்ட ஆள் எடுக்கிறார்கள். மூன்று வருட வேலை. டினா அங்கே வீடு பார்த்துவிட்டாள். ஹெரன்ஸ் போகிற ஊருக்கே ஹூபர் வீட்டுப் பிள்ளைகளும் போகிறார்கள்.

"அதே வேலைதான், அதே மைதானம்தான். என் வீட்டுப் பக்கத்துல நடந்திருக்க வேண்டியது," என்று அவன் என்னிடம் மட்டும் சொன்னான். அம்மாவிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கடைசி ஆட்டம் செப்டம்பர் முடிவில், ஒரு ஞாயிறு மதியம். வெயில் கார் நிறுத்துமிடத்துத் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. இடம் பிடிக்கக் காலையிலேயே கார்கள் வந்துவிட்டன. துக்க வீட்டில் சமைப்பதுபோல் எல்லோரும் அளவுக்கு மீறிச் சமைத்தார்கள். நான் அடுப்பில் சாஸேஜ்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சட்டியில் புளிக்கவைத்த முட்டைக்கோஸ் கொதித்தது. டினா பெட்டிகளைக் கட்ட வேண்டும் என்று வரவில்லை. கர்ட் மட்டும் டிரக்கோடு வந்திருந்தான். லொரெட்டா மடக்கு நாற்காலியில் நார்பர்ட்டின் பழைய ஹெரன்ஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கர்ட்டு, இன்னைக்கு ஆட்டம் முடிஞ்சதும் ஜனங்களைப் புல்லுல இறங்க விடுறாங்களாம். நீ நடுமைதானத்துக்குப் போ. எனக்கு ஒரு கைப்பிடி மண்ணு எடுத்துட்டு வா. அப்பாவை விட்ட எடம் ஞாபகம் இருக்குல்ல? அந்த எடத்துலேயே எடு," என்றாள்.

கர்ட் கையிலிருந்த ரொட்டியை அப்படியே வைத்தான்.

"எந்த எடத்துல எடுத்தாலும் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணு எப்படிடா ஆகும்?"

"அப்பா அங்க இல்ல."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. மழையில் கரைந்து போயிருப்பார் என்கிறான் என்று நினைத்து, "கரைஞ்சாலும் அந்த மண்ணுலதான இருப்பாரு," என்றாள்.

"இல்லம்மா. நான் அவரை அங்க விடவே இல்ல." கர்ட் அம்மாவைப் பார்க்காமல் என் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசினான். "பையில ஓட்டை போட்டேன், புல்லுல எறங்குனேன், எல்லாம் நெஜம். ஒரு காவல்காரன் என்னையே பாத்துட்டு நின்னான். சின்னவ என் விரலைப் புடிச்சிட்டு, 'அப்பா, தாத்தாவ எங்க ஒளிச்சு வெச்சிருக்கே?'ன்னு சத்தமா கேட்டா. எனக்குக் கை ஆடிப்போச்சு. பையை இறுக்கிப் புடிச்சிட்டு வெளிய வந்துட்டேன். டப்பாவுலயே திருப்பிப் போட்டுட்டேன். அடுத்த வருசம் விட்டுடலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள நீ பீர் டம்ளரைத் தூக்கிக் காட்ட ஆரம்பிச்சிட்ட. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"ஆறு வருசமா எங்கடா இருக்காரு?"

"கராஜ்ல. பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால. வீட்டைக் காலி பண்றோம்ல, இன்னைக்குக் கொண்டுவந்திருக்கேன். டிரக்குல இருக்காரு."

லொரெட்டா டிரக்கின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ கல்லறையில கரி, மைதானத்துல வெறும் மண்ணு, நார்பர்ட்டு பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னால," என்றாள். அவள் சிரிக்கிறாளோ என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. சிரிக்கவில்லை. "கொதிகலன் கெட்டதெல்லாம் யார்கிட்டடா சொன்னேன் நான்?"

"மன்னிச்சிரும்மா."

"மார்ச்சு மாசம் என் வாசல்ல நின்னியே, அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா. நானே அந்தப் பலகையை ஆணி அடிச்சிருப்பேன். அத்தனை கெழவிங்களையும் வேண்டும்னு போட வெச்சிருப்பேன். என் வாய்க்கு அது பெரிய விஷயமா?"

"எப்படியும் ஜெயிச்சிரும்னு நெனச்சேம்மா. மைதானத்தை இடிக்கிற வேலைக்கு நான்தான் போவேன், அப்போ மண்ணுலேருந்து எடுத்த மாதிரி உன்கிட்ட அப்பாவைக் கொண்டுவந்து குடுத்துடலாம், உனக்குத் தெரியவே வேண்டாம்னு..." அத்தனை பெரிய உடம்பு குலுங்கியது. "வேலையும் போச்சு, ஊரும் போச்சு. நானே கெடுத்துக்கிட்டேன்."

அடுப்பில் சாஸேஜ் கருகியது. நான் புரட்டவில்லை. இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் வந்தது, இரண்டு பேரையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. லொரெட்டா எழுந்து போய் மகன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நீ மட்டும் கெடுக்கலடா. நானும் உன்கிட்ட அப்பாவைப் பத்தி மட்டும்தான் கேட்டேன், உன் முதுகைப் பத்திக் கேக்கல," என்றாள். பிறகு, "கொண்டா அவரை," என்றாள்.

டப்பாவை இரண்டு கையாலும் வாங்கியவள், "என்னடா, இவ்ளோ கனமா இருக்காரு," என்றாள்.

உள்ளே தேசிய கீதம் கேட்டது. ஜனங்கள் நுழைவாசலை நோக்கி ஓடினார்கள். டிக்கெட் மூன்றும் அவள் பையில் இருந்தன. போகலாமா என்று கேட்டேன்.

"உள்ள யாரு இருக்கா, நான் போறதுக்கு?" என்றாள்.

டிரக்கின் ரேடியோவைச் சத்தமாக வைத்தோம். மடியில் டப்பாவோடு அவள் கடைசி ஆட்டத்தைக் கேட்டாள். ஹெரன்ஸ் வழக்கம்போல் தோற்றது. அவள் டப்பாவைத் தட்டி, "பாத்தீங்களா, மாறவே இல்ல உங்க ஆளுங்க. இன்னைக்கும் நீங்க பேச மாட்டீங்க," என்றாள். மைதானத்துக்குள் கைதட்டல் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியே வந்தவர்களில் பலர் அழுதுகொண்டு வந்தார்கள். 'வேண்டாம்' என்று ஓட்டுப் போட்ட எத்தனையோ பேர் அதில் இருந்தார்கள், எனக்கு முகம் தெரியும்.

கூட்டம் கலைந்தபின் லொரெட்டா கேட்டாள். "அங்க அஸ்திவாரம் எப்போடா போடுறாங்க?"

"நவம்பர்ல."

"கம்பி கட்டுறது நீதான?"

"நானும்தான்."

"காங்கிரீட் ஊத்துறதுக்கு முன்னாடி இவரை உள்ள போட்டுரு. நடுமைதானத்துப் பக்கமா எந்தத் தூண் வருதோ அதுல. இந்தத் தடவை கை ஆடக் கூடாது."

"அம்மா, அது டென்னஸி. எட்டு மணி நேரம் வண்டி ஓட்டணும். உன்னால வந்து பாக்கக்கூட முடியாது."

"என்னைப் பாக்கவா மைதானத்துக்குப் போனாரு மனுஷன்? ஆட்டம் எங்கயோ அவரு அங்க. பிள்ளைங்களும் அங்கதான் இருக்கும். இங்க பூட்டிப்போட்ட எடத்துல எதைப் பாத்துட்டு உக்காருவாரு?" அவள் மூடியைத் தன் சட்டை நுனியால் துடைத்தாள். "இவருக்கு வீடு கட்ட நான் அரை சென்ட் குடுக்க மாட்டேன்னுட்டேன். அந்த ஊர்க்காரன் குடுக்குறான். குடுக்கட்டும்."

"கொஞ்சமாவது நீ வெச்சுக்கோம்மா. பாதி எடுத்துக்கோ."

"பாதிப் புருஷனை வெச்சு நான் என்னடா பண்றது? எனக்குத்தான் கல்லறையில கரி இருக்கே. ஃபாதர் மந்திரிச்ச கரி. பூ வெக்கிறதுக்கு அது போதும்."

கர்ட் டப்பாவை டிரக்கின் முன் இருக்கையில் வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டினான். அம்மாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டான். அவள் கையை ஆட்டவில்லை. டிரக் ஆற்றுப் பாலத்துச் சரிவில் ஏறி மறையும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார்கள் எல்லாம் போய்விட்டன. நான் நாற்காலிகளை மடக்கினேன். மிஞ்சிய முட்டைக்கோஸை வழித்துப் போட்டேன். அடுப்புச் சாம்பலைக் கொட்டுவதற்கு அங்கங்கே இரும்புப் பீப்பாய் வைத்திருப்பார்கள். அடுப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே நடந்தேன்.

"வெர்ன்," என்று அவள் கூப்பிட்டாள். "அதைக் கொட்டாத."

நான் நின்றேன்.

"ஆறட்டும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். கொதிகலன் கெட்டா யார்கிட்டயாவது சொல்லணும்ல," என்றாள். சாலட் கொண்டுவந்த பாத்திரத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, என்னிடம் நீட்டினாள்.